22 சதவீதமா, 44 சதவீதமா? குளிர்காலத் தேனீ இழப்பை எப்படி எண்ணுகிறார்கள்

புதுராணி

அமெரிக்கத் தேனீ இழப்புக் கணக்கெடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2018–19இல் குளிர்கால இழப்பு 37.7%, ஆண்டு இழப்பு 40.7%. அடுத்த 2019–20இல் குளிர்காலம் 22.2%, ஆண்டு 43.7%. குளிர்கால எண் பதினைந்து புள்ளி இறங்கியிருக்கிறது, ஆண்டு எண்ணோ மூன்று புள்ளி ஏறியிருக்கிறது. நிலைமை தேறியதா, கெட்டதா? ஒருவர் தன் பெட்டிகளை இதில் எந்த எண்ணோடு ஒப்பிடுவது? கனடா எண், ஐரோப்பா எண் என்று ஆளுக்கொன்றை எடுத்துப் போடுகிறார்களே, எல்லாமே ஒரே அளவுகோலா?

கணக்கன்

இல்லை. பாதிச் சண்டை அதனால்தான் வருகிறது.

நீங்கள் சொல்லும் கணக்கெடுப்பில் குளிர்காலம் என்பது அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 1 வரை. கோடை ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 1 வரை. 2019 கோடையில் மட்டும் 32.0% போனது. ஆக அந்த ஆண்டு குளிர்காலம் லேசாகக் கழிந்தது, அடி கோடையில் விழுந்தது. குளிர்கால எண்ணை மட்டும் பார்த்தவர்கள் "தேறிவிட்டது" என்றார்கள், ஆண்டு எண்ணைப் பார்த்தவர்கள் "மோசம்" என்றார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை.

22.2ஐயும் 32.0ஐயும் கூட்டினால் 54.2 வரும், ஆனால் ஆண்டு எண் 43.7தான். காரணம், ஒவ்வொரு சதவீதத்துக்கும் கீழே உள்ள பகுதி வேறு. கணக்கு இப்படிப் போகும்: தொடக்கத்தில் இருந்த குடும்பங்களோடு (குடும்பம் என்றால் ஒரு ராணியோடு ஒரு பெட்டியில் வாழும் தேனீக் கூட்டம்) இடையில் ஒன்றை இரண்டாகப் பிரித்தவை, வாங்கியவை, பிடித்தவை எல்லாவற்றையும் கூட்டு. விற்றதையும் கொடுத்ததையும் கழி. வருவதுதான் ஆபத்துக்கு உட்பட்ட எண்ணிக்கை. அதிலிருந்து முடிவில் உயிரோடு இருப்பவற்றைக் கழித்தால் இழப்பு. இழப்பை ஆபத்துக்கு உட்பட்ட எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், தொடக்க எண்ணால் அல்ல.

உதாரணத்துக்கு, அக்டோபர் 1 அன்று 60 குடும்பம். பிப்ரவரி கடைசியில் 10 பிரித்தாகிவிட்டது, 5 விற்றாகிவிட்டது. ஏப்ரல் 1 அன்று 47 உயிரோடு. 60 + 10 − 5 = 65. இழப்பு 18, அதாவது 27.7%. பெரும்பாலோர் செய்வது 60இலிருந்து 47ஐக் கழித்து 60ஆல் வகுப்பது. அது 21.7% என்று காட்டும். பிரித்து உருவாக்கிய பெட்டிகள் செத்தவற்றின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு இழப்பை மறைத்துவிடுகின்றன. ஒரு நாட்டின் மொத்தக் குடும்ப எண்ணிக்கை பெரிதாகக் குறையாமல் இருக்கும்போதே ஆண்டுக்கு நாற்பது சதவீதம் சாவதும் இப்படித்தான் சாத்தியமாகிறது.

மெழுகு

குளிர்காலத்தில் இரண்டு பலவீனமான குடும்பத்தைச் சேர்த்து ஒன்றாக்கினால்?

கணக்கன்

எண்ணத் தொடங்கும் தேதிக்கு முன் சேர்த்தால் அது தொடக்க எண்ணிலேயே ஒன்று. பின்னால் சேர்த்தால், சாகவில்லை என்பதால் விற்றதைப் போலக் கழிவில் போடுவது நேர்மை. ஆனால் சேர்த்ததற்குக் காரணம் ஒன்றில் ராணி இல்லாததுதான் என்றால் அது இழப்பே. கழிவு வரிசையை நீட்டிக்கொண்டே போய் நல்ல சதவீதம் வாங்குவது சுலபம். குறிப்பேட்டில் "சேர்த்தது: காரணம்" என்று ஒரு பத்தி இருந்தால் பிறகு யாரும் ஏமாற வேண்டியதில்லை.

வடக்குவாசல்

கனடாவைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கே தொழில்முறைத் தேனீ வல்லுநர் சங்கம் 2007 முதல் ஆண்டுதோறும் எடுக்கிறது. 2021–22 குளிர்காலத்துக்கு நாடளாவிய எண் 45.5%. அதை அமெரிக்கக் குளிர்கால எண்ணோடு அப்படியே வைத்துப் பார்க்கக் கூடாது, ஏனென்றால் கனடாக்காரர்கள் உயிர் இருக்கிறதா என்று மட்டும் கேட்பதில்லை. பத்துச் சட்டப் பெட்டியில் (சட்டம் என்பது அடையைத் தாங்கும் மரச்சட்டகம்) குறைந்தது நாலு சட்டம், ஒவ்வொன்றிலும் இரு பக்கமும் முக்கால் பரப்பு தேனீ மூடியிருந்தால்தான் அது பிழைத்த குடும்பம். பார்க்கும் தேதியும் மாகாணத்துக்கு மாகாணம் மாறும்: பிரிட்டிஷ் கொலம்பியாவில் மே 1, ஒன்டாரியோ, கியூபெக் பக்கம் மே 15, ஆல்பர்ட்டா, மனிடோபா, சஸ்காட்செவனில் மே 21. வசந்தம் வரும் நாள் வேறுபடுவதால் இப்படி.

மெழுகு

உயிரோடு இருப்பதைச் செத்ததாக எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. இரண்டு சட்டத் தேனீயோடு வசந்தத்துக்கு வந்து, ஒரு சட்டம் மூடிய புழு அடை (மெழுகால் மூடிய அறைகளில் புழு வளரும் அடை) கொடுத்தவுடன் ஜூனில் பெட்டி நிரம்பும் குடும்பங்கள் உண்டு.

வடக்குவாசல்

உண்டு. ஆனால் அந்தப் புழு அடை வேறொரு குடும்பத்திலிருந்து எடுத்தது. அந்தச் செலவை எந்த வரியில் எழுதுவீர்கள்? தவிர, ஏப்ரல் 1 அன்று உள்ளங்கை அளவு தேனீயோடு ராணி உட்கார்ந்திருக்கும் பெட்டியை உயிரோடு என்று எழுதினால், அது ஏப்ரல் 15க்குள் போய்க் கோடை இழப்பில் ஏறும். சாவுக்கு விதை போட்டது முந்தைய ஆகஸ்ட், குற்றம் கோடையின் தலையில்.

மெழுகு

அப்படியானால் மூன்று பத்தி வைக்கலாம்: செத்தது, நலிந்தது, நல்ல நிலை. நலிந்ததை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதைப் படிப்பவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

கணக்கன்

ஐரோப்பியக் கணக்கு கிட்டத்தட்ட அந்த வழிதான், வேறு விதமாகப் பிரிக்கிறார்கள். கோலாஸ் என்ற ஆய்வாளர் வலையமைப்பு பல நாடுகளில் ஒரே கேள்வித்தாளைக் கொடுக்கிறது. இழப்பு மூன்று வகை: செத்தது அல்லது பெட்டி காலியானது (சில நூறு தேனீ மட்டும் மிஞ்சியதும் இதில் சேரும்), தீர்க்க முடியாத ராணிப் பிரச்சினை, வெள்ளம், காற்றில் சாய்ந்த மரம், கரடி போன்ற இயற்கைச் சேதம். ராணி இல்லாத குடும்பம் உயிரோடிருந்தாலும் இழப்பில் சேரும், ஆனால் தனி வரியில் தெரியும். அங்கே குளிர்காலத்துக்கு நாட்காட்டித் தேதி கிடையாது. வளர்ப்பவர் குளிர்கால ஏற்பாட்டை முடித்த நாள் தொடக்கம், புதுப் பருவத்தில் தேனீ தேன் தேடிப் போகத் தொடங்கும் நாள் முடிவு. 2016–17க்கு அவர்கள் மொத்த எண் 20.9%, 2017–18க்கு 16.4%. இதை அமெரிக்க 30, 40களோடு வைத்து "ஐரோப்பாவில் நன்றாக வளர்க்கிறார்கள்" என்று எழுதுபவர்கள் தேதியையும் வரையறையையும் படிப்பதில்லை.

இன்னொரு பொறி, சராசரி. ஒன்பது பேர் ஆளுக்கு 5 பெட்டி, ஆளுக்கு 3 போய்விட்டது. பத்தாமவரிடம் 955 பெட்டி, 191 போனது. மொத்தப் பெட்டிக் கணக்கில் 1000க்கு 218, அதாவது 21.8%. ஆள் கணக்கில் சராசரி எடுத்தால் ஒன்பது 60உம் ஒரு 20உம், சராசரி 56%. ஒரே தரவு, இரண்டு தலைப்புச் செய்தி! மொத்த எண் தேனீக்கு என்ன ஆனது என்று சொல்கிறது, சராசரி எண் வளர்ப்பவருக்கு என்ன ஆனது என்று சொல்கிறது. அமெரிக்காவில் பதில் அனுப்புவோரில் மிகப் பெரும்பாலோர் 50 பெட்டிக்கு உட்பட்ட வீட்டுத்தோட்டக்காரர்கள், பெட்டிகளில் மிகப் பெரும்பங்கு 500க்கு மேல் வைத்திருக்கும் வணிகர்களிடம். எந்த எண் என்று கேட்காமல் ஒப்பிடவே கூடாது.

புதுராணி

சரி, எண் புரிகிறது. ஆனால் இவ்வளவும் குளிரால்தானா? சூடு குறைவதால் சாகிறது என்றால் பெட்டியைப் போர்த்தினால் போதுமே.

நுண்ணோக்கி

குளிர் நேரடியாகக் கொல்வது அபூர்வம். சுமார் 14 டிகிரிக்குக் கீழே போனதும் தேனீக்கள் ஒன்றாகத் திரளும். வெளி அடுக்கில் இருப்பவை தலையை உள்நோக்கி வைத்து நெருக்கி நிற்கும். உள்ளே இருப்பவை இறக்கையை அசைக்காமல் பறக்கும் தசையை மட்டும் நடுங்க வைத்துச் சூடு உண்டாக்கும். எரிபொருள் தேன். புழு இல்லாத காலத்தில் நடுப்பகுதி இருபது சொச்சம் டிகிரியில் இருந்தால் போதும், புழு வளர்க்கத் தொடங்கியதும் 33–35 வேண்டும். வெளி அடுக்குத் தேனீயின் உடல் 10 டிகிரிக்கும் கீழே இறங்கினால் விறைத்துக் கழன்று விழும். திரள் பெரிதாக இருந்தால் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரியையும் தாங்கும். சட்டங்களுக்கு நடுவே இரண்டு இடைவெளியை மட்டும் நிரப்பும் சிறு திரளுக்கு எடையோடு பார்த்தால் பரப்பு அதிகம், அதனால் தலைக்கு எரிக்க வேண்டிய தேனும் அதிகம். அது குளிரில் செத்தது போலத்தான் தெரியும். திரள் ஏன் சிறுத்தது என்பதே கேள்வி.

பதில் பெரும்பாலும் வரோவா, அதாவது தேனீயின் மேல் ஒட்டி வாழும் உண்ணி. கோடைப் பணித் தேனீ ஐந்தாறு வாரம் வாழும். குளிர்காலத் தேனீ நாலிலிருந்து ஆறு மாதம் வாழ வேண்டும். அதற்குத் தேவை வயிற்றில் உள்ள கொழுப்புத் திசுவும் அதில் சேரும் வைட்டெல்லோஜெனின் என்ற புரதமும். 2019இல் வெளியான ஆய்வு, வரோவா முக்கியமாகத் தின்பது அந்தக் கொழுப்புத் திசுவைத்தான் என்று காட்டியது. கூடவே இறக்கை உருக்குலைவு வைரஸையும் ஏற்றிவிடுகிறது. வடகோளத்தில் குளிர்காலத் தேனீ உருவாவது ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. அந்த நேரம் பார்த்துத் தேனீ எண்ணிக்கை குறையும், புழு குறையும், உண்ணி மட்டும் குறையாது. மிச்சமுள்ள புழுக் கண்களில் (புழு வளரும் அடை அறைகளில்) எல்லா உண்ணியும் நெருக்கியடிக்கும். அக்டோபர் கடைசியில் மருந்து போட்டால் உண்ணி சாகும், ஆனால் ஏற்கெனவே அடிபட்டுப் பிறந்த தேனீக்கு ஆயுள் திரும்பாது. மருந்து வேலை செய்தும் ஜனவரியில் பெட்டி காலியாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

புதுராணி

எப்போது, எப்படி எண்ணுவது? பலகையில் விழும் உண்ணியை எண்ணினால் போதாதா?

நுண்ணோக்கி

பெட்டிக்கு அடியில் வைக்கும் ஒட்டுப்பலகையில் ஒரு நாளைக்கு இத்தனை விழுந்தது என்பது விகிதம் ஆகாது. குடும்பம் பெரிதா சிறிதா, புழு எவ்வளவு என்பதைப் பொறுத்து அது ஆடும். ஆல்கஹால் கழுவல்தான் நம்பகம். திறந்த புழு உள்ள அடையை எடுத்து முதலில் ராணி அதில் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும், இரண்டு முறை பார்த்தாலும் தப்பில்லை. தேனீக்களை ஒரு தட்டில் உதறி 120 மி.லி. கோப்பையால் அள்ளினால் ஏறக்குறைய 300 தேனீ. வலையடி போட்ட ஜாடியில் தேனீ முழுகும் அளவு 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றி ஒரு நிமிடம் நன்றாகச் சுழற்று. அடியில் தங்கும் உண்ணியை எண்ணி மூன்றால் வகுத்தால் சதவீதம். 9 உண்ணி என்றால் 3%. ஆகஸ்டில் 2–3% தொட்டாலே மருந்துக்கு நேரம். சர்க்கரைத் தூள் குலுக்கலில் தேனீ சாகாது, ஆனால் உண்ணி எல்லாம் கழன்று விழாது, எண் குறைத்துக் காட்டும். 300 தேனீக்கு மனம் வருந்துபவர் முப்பதாயிரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மருந்துக்குப் பிறகு மறுபடி எண்ணுவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முன் 4%, பின் 2% என்றால் அந்த மருந்து வேலை செய்யவில்லை. 2024–25 அமெரிக்கப் பேரிழப்பில் செத்த குடும்பங்களை ஆராய்ந்தபோது வைரஸ் சுமை அதிகம், சேகரித்த வரோவாவில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அமிட்ராஸ் என்ற உண்ணி மருந்துக்கான எதிர்ப்பைக் காட்டும் மரபுக்குறி. மருந்துப் பட்டை தொங்கவிட்டாகிவிட்டது என்பதாலேயே மருந்து வேலை செய்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

புழு இல்லாத குளிர்காலத்தில் ஆக்சாலிக் அமிலம் துளியிடலாம். 1:1 சர்க்கரைப் பாகு ஒரு லிட்டரில் 35 கிராம் ஆக்சாலிக் அமில டைஹைட்ரேட். திரள் இருக்கும் ஒவ்வொரு சட்ட இடைவெளிக்கும் 5 மி.லி., ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 50 மி.லி. ஒரே தடவை, திரும்பத் திரும்பத் துளியிட்டால் தேனீக்கே கேடு. மூடிய கண்ணுக்குள் இது போகாது, புழு இருக்கும்போது போட்டால் பாதி வேலைகூட நடக்காது. அமிலம் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், அவரவர் நாட்டு லேபிளில் உள்ள அளவே சட்டம். ஃபார்மிக் அமிலமும் தைமாலும் வெப்பத்தைப் பார்த்துத்தான் வேலை செய்யும், தைமாலுக்கு 15 டிகிரியாவது வேண்டும். அதனால் அவை ஆகஸ்ட்–செப்டம்பர் மருந்துகள்.

பெட்டித்தச்சன்

உண்ணியை மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் பட்டினியை மறந்துவிடுவோம். நீண்ட குளிர் உள்ள இடத்தில் 30 முதல் 40 கிலோ இருப்பு வேண்டும். மிதமான இடத்தில் 15–20இல் ஓட்டலாம். முழுதாக நிரம்பிய ஆழ லாங்ஸ்ட்ராத் (பரவலாகப் புழங்கும் பெட்டி வகை) சட்டத்தில் கிட்டத்தட்ட 2.5–3 கிலோ தேன். பெட்டியின் ஒரு பக்க அடியில் தொங்கு தராசை மாட்டி லேசாகத் தூக்கிப் படிக்கலாம், பிறகு எதிர்ப்பக்கம், இரண்டையும் கூட்டினால் மொத்த எடை. காலிப் பெட்டி, சட்டம், அடை, தேனீ எடையைக் கழித்தால் இருப்பு. நவம்பரில் ஒன்று, ஜனவரி கடைசியில் ஒன்று. திரள் டிசம்பரில் தின்பது கொஞ்சம். புழு வளர்ப்புத் தொடங்கியபின் வேகம் ஏறும், அதனால்தான் பட்டினிச் சாவு மார்ச்சில் குவிகிறது.

குறை இருந்தால் இலையுதிர்காலத்திலேயே 2:1 பாகு, எடையில் இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு நீர். பகல் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனபின் பாகு கொடுத்தால் எடுக்காது, எடுத்தாலும் வற்ற வைத்து மூடாது, அந்த ஈரம் பெட்டியிலேயே தங்கும். அதற்குப் பிறகு கெட்டிச் சர்க்கரைப் பாளம் அல்லது வெறும் வெள்ளைச் சர்க்கரை, திரளுக்கு நேர் மேலே. பழுப்புச் சர்க்கரை, வெல்லம், கழிவுப்பாகு எதுவும் வேண்டாம். அதிலுள்ள தாதுவும் கரையாததும் குடலில் தேங்கி, வெளியே பறக்க முடியாத நாளில் பெட்டிக்குள்ளேயே கழியும்.

ஈரத்தையும் எடை போடுங்கள். ஒரு கிலோ தேனில் சுமார் 180 கிராம் நீர் ஏற்கெனவே உண்டு, சர்க்கரை எரியும்போது இன்னும் 480 கிராம் அளவில் நீர் பிறக்கும். 20 கிலோ தேன் தின்றால் 13 லிட்டர் நீர் ஆவியாகிறது. அது குளிர்ந்த மூடியில் பட்டுத் திரளின் தலையில் சொட்டினால்தான் ஆபத்து. நனைந்த தேனீ பிழைக்காது. ஆகவே மேல் வாசல் வையுங்கள், ஆவி வெளியேறட்டும்.

வடக்குவாசல்

மேல் வாசல் வழியாகச் சூடும் போகும். மூடியின் மேல் ஐந்து செ.மீ. தடித்த நுரைப்பலகை போட்டு, அடியில் மட்டும் வாசல் வைத்தால் மூடியின் உள்பக்கம் பக்கச் சுவரைவிடச் சூடாக இருக்கும். நீர் சுவரில் ஒழுகும், திரள் மேல் சொட்டாது, தேனீ அதைக் குடிக்கவும் செய்யும்.

பெட்டித்தச்சன்

பலகை சரியாக உட்கார்ந்தால் ஒப்புக்கொள்கிறேன். ஓரத்தில் விரலிடை இருந்தால் அங்கேதான் சொட்டும். எந்த முறையானாலும் வாசல் உயரம் 8–9 மி.மீ.க்கு மேல் வேண்டாம். எலி நுழைந்தால் இந்த வாதம் முழுவதும் வீண்.

மெழுகு

செத்த பெட்டியைத் திறந்தவுடன் காரணம் எழுத வேண்டுமே. இல்லாவிட்டால் "இழப்பு 18" என்பதில் பாடம் எதுவும் இல்லை.

நுண்ணோக்கி

வசந்தத்தில் வேறு குடும்பத் தேனீ கொள்ளையடித்து, பூஞ்சை பிடித்து, அந்துப்பூச்சி அடையைத் தின்பதற்கு முன் பார்க்க வேண்டும். தேனீக்கள் கண்ணறைகளுக்குள் தலையைப் புதைத்துச் செத்திருந்து, பக்கத்தில் தேன் இல்லை என்றால் பட்டினி. நாலு விரற்கடை தள்ளித் தேன் இருந்தும் செத்திருந்தால், கடுங்குளிரில் திரள் பக்கவாட்டில் நகர முடியாமல் போன பட்டினி. நிறையத் தேன், கைப்பிடித் தேனீ, சில சமயம் ராணி மட்டும், ஆங்காங்கே ஓட்டை விழுந்த மூடிய கண்: வரோவாவைச் சந்தேகிக்கலாம். அடையைத் தலைகீழாகப் பிடித்து வெளிச்சம் பாய்ச்சிப் புழுக் கண்களின் மேல்கூரையைப் பாருங்கள். வெள்ளைப் பொடி போல ஒட்டியிருப்பது உண்ணியின் எச்சம். சட்டத்தின் மேலும் வாசலிலும் பழுப்புக் கறை என்றால் கழிச்சல். அது நோசீமாதான் (தேனீக் குடலைத் தாக்கும் நோய்) என்று கறையை வைத்து எழுதக் கூடாது, நுண்ணோக்கியில் வித்து தெரிந்தால்தான். பணித் தேனீக்கான கண்களில் குவிந்த மூடியோடு ஆண் புழு என்றால் ராணி கெட்டுவிட்டது. அடிப்பலகையில் சில நூறு செத்த தேனீ கிடப்பது இயல்பு, அதைப் பார்த்துப் பெட்டி செத்தது என்று எண்ணிவிடாதீர்கள்.

புதுராணி

பத்துப் பெட்டியில் மூன்று போனால் 30%. நாட்டு எண் 22 என்றால் தவறு வளர்ப்பவர் பக்கமா?

கணக்கன்

அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது. 10க்கு 3 என்றால் 95% நம்பக எல்லை கிட்டத்தட்ட 7இலிருந்து 65 வரை விரிகிறது. 100க்கு 30 என்றால் 21இலிருந்து 40 வரை. அதுவும் ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாகச் சாகிறது என்று வைத்துக்கொண்டால்தான். உண்மையில் ஒரே இடத்துப் பெட்டிகள் ஒரே உண்ணியை, ஒரே வறட்சியை, ஒரே ஆளின் கையைப் பகிர்கின்றன, அதனால் எல்லை இன்னும் அகலம். பெரிய கணக்கெடுப்புகளில் சாதாரண ஈருறுப்புக் கணக்கை விட்டுவிட்டு, இந்தக் கூடுதல் சிதறலைக் கணக்கில் எடுக்கும் மாதிரியைப் பயன்படுத்துவது இதற்காகத்தான். பத்துப் பெட்டிக்காரர் நாட்டு எண்ணோடு ஒப்பிடுவதைவிட, தன் பெட்டிகளிலேயே ஆகஸ்டில் 1% இருந்தவை எத்தனை பிழைத்தன, 4% இருந்தவை எத்தனை என்று பார்ப்பது பயன்.

பதில் சொல்வோர் தாமாக வருகிறவர்கள் என்பதும் இருக்கிறது. எல்லாம் இழந்து தொழிலை விட்டவர் கேள்வித்தாளை நிரப்புவதில்லை. அதற்கு நேர்மாறாக, பேரிழப்புச் செய்தி பரவியபின் எடுக்கும் அவசரக் கணக்கில் அடிபட்டவர்கள் முந்திக்கொண்டு பதில் தருவார்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்க வணிக வளர்ப்பாளர்களிடம் எடுத்த விரைவுக் கணக்கு சராசரி 62% என்றது, அது 2024 ஜூனிலிருந்து எண்ணியது. ஏப்ரலிலிருந்து ஏப்ரல் வரை எண்ணும் வழக்கமான கணக்கு 2024–25க்கு எல்லா வகை வளர்ப்பாளர்களையும் சேர்த்து 55.6% என்றது. காலமும் ஆட்களும் வேறு, ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை.

அமெரிக்க வேளாண் துறையின் புள்ளிவிவரப் பிரிவு வேறொன்றைக் காலாண்டுக்கு ஒரு முறை எடுக்கிறது. அதில் ராணி மாற்றியோ தேனீ சேர்த்தோ தேற்றிய குடும்பங்களுக்குத் தனிப் பத்தி உண்டு. நாலு காலாண்டுச் சதவீதத்தைக் கூட்டி ஆண்டு இழப்பு என்று சிலர் போடுகிறார்கள், முதல் பதிவில் சொன்ன அதே தவறு.

புதுராணி

அப்படியானால் ஒரு பெட்டிக்கு ஒரு வரியில் என்னென்ன எழுத வேண்டும்?

கணக்கன்

பெட்டி எண், எப்படி வந்தது (பழையது, பிரித்தது, வாங்கியது), ஆகஸ்ட் கழுவல் சதவீதம், மருந்தும் தேதியும், மருந்துக்குப் பின் சதவீதம், அக்டோபர் 1 அன்று எத்தனை இடைவெளியில் தேனீ, நவம்பர் எடை, ஏப்ரல் 1 நிலை, மே நடுவில் தேனீ மூடிய சட்ட எண்ணிக்கை, செத்திருந்தால் பார்த்த அடையாளம். காரணத்தைப் பிறகு எழுதலாம், அடையாளத்தை அன்றே எழுதுங்கள்.

மெழுகு

ஏப்ரல், மே இரண்டு தேதியும் இருந்தால் அமெரிக்க வரையறையிலும் கனடா வரையறையிலும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நலிந்த குடும்பத்துக்குப் புழு அடை கொடுத்திருந்தால் அதையும், எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தது என்பதையும் அதே வரியில்.